இன்னும் வரையாத அளம்

என் சம்சாரத்தோட தம்பிக்கு உப்பு ஆவாது. சோத்துல போடற உப்ப சொல்லல, அத நல்லாத்தான் தின்னுவான். கண்ணால பாக்கற உப்பு ஆவாது. பங்குனி சித்திரையில எங்க மரக்காணத்து அளத்துல நின்னவங்களுக்கு நான் சொல்றது புரியும். அளம்னா, பாத்தி பாத்தியா கட்டி கடல்தண்ணி வுட்டு உப்பு எடுக்கற எடம். கீழயும் வெள்ளை, மேலயும் வெயிலு, நடுவுல நாம. கண்ணாடிய நொறுக்கி கண்ணுல அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். எனக்கெல்லாம் பழகிப்போச்சு. சில பேருக்கு பழகாது. மச்சான் மீசை மொளைக்கறதுக்கு முன்னாடியே நீட்டுக் கழி மாட்டின பலகை புடிச்சு உப்பு வாரினவன். முப்பத்தஞ்சு வயசு ஆவறப்ப கண்ணுல தண்ணி ஊத்த ஆரம்பிச்சு, நிக்கவே இல்ல. பாண்டிச்சேரியில ஒரு கண் டாக்டருகிட்ட நான்தான் கூட்டிக்கினு போனேன். அவரு டார்ச்சு அடிச்சு பாத்துட்டு, "இன்னும் கொஞ்ச வருசம் அந்த வெளிச்சத்துல நின்னேன்னா, அப்புறம் என்கிட்ட வராத. வந்து புண்ணியமில்ல"ன்னுட்டாரு.

திரும்பி வரும்போது பஸ்ஸுல அவன் கண்ண மூடிக்கினே வந்தான். கோட்டக்குப்பம் போச்சு, பொம்மையார்பாளையம் போச்சு. கூனிமேடு தாண்டறப்பதான், "மாமா, நான் போன் பூத்து வெக்கிறேன்"னான். அப்பிடித்தான் பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு கடைய புடிச்சு எஸ்டிடி பூத்து போட்டான். கண்ணாடிக் கூண்டு, உள்ள போனு, தலைக்கு மேல செகப்பு நம்பரு ஓடிக்கினே இருக்கும். பேசறவங்க வாய் பேசும், கண்ணு அந்த நம்பரையே பாக்கும். அது ஒரு காலம், நல்லாத்தான் ஓடுச்சு.

சுனாமி வந்துச்சு பாருங்க, அதுக்கு அப்புறம் ஆளாளுக்கு செல்லு வாங்கிட்டாங்க. உசுரோட இருக்கியான்னு கேக்கறதுக்கு ஒண்ணு கையில இருக்கட்டும்னு. தப்பு சொல்ல முடியாது. ஆனா பூத்துக்கு ஆளு வரல. கடைக்காரரு, அதாவது அந்த கட்டடத்துக்கு சொந்தக்காரரு, எங்க பக்கத்துலயே பெரிய அளம் வெச்சிருக்கறவரு. நாங்க மொதலாளின்னுதான் கூப்பிடுவோம். அவரு வந்து நின்னாரு.

"ஏம்பா, செல்போன் ரீசார்ஜ் கடைக்கு ஒருத்தன் கேக்கறான். வாடகை கூட குடுக்கறேங்கறான். உன் மூஞ்சிக்காக பொங்கல் வரைக்கும் பாக்கறேன். கடையில ஆள் நடமாட்டம் இருந்தா இரு. ஈ ஓட்டிக்கினு இருந்தேன்னா சாவிய குடுத்துட்டு பழையபடி அளத்துக்கே வந்துடு, நானே வேலை தரேன்" அப்பிடின்னாரு.

நல்ல மனசோடதான் சொன்னாரு. ஆனா மச்சானுக்கு அளம்னா கண்ணு போறதுன்னு அர்த்தம். அது அவருக்கு தெரியாது. இவனும் சொல்லல. சொன்னா கண்ணு தெரியாதவன்னு ஊருல பேரு வெச்சுடுவாங்கன்னு பயம்.

அவன் இன்னா பண்ணான்னா, பாண்டிச்சேரியில மூடிட்டுப் போன ஒரு பிரவுசிங் சென்டருலேருந்து மூணு கம்ப்யூட்டர அடிமாட்டு வெலைக்கு வாங்கியாந்தான். உப்பு ஏத்தற மினி லாரியில, உப்பு மேல போத்தற தார்ப்பாயால மூடிக்கினு வந்தான். எறக்கறப்ப பாத்தவங்க, "இன்னாடா, டிவி கடை வெக்கிறியா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு போன் லைன் இருந்துச்சு. ஒண்ண போனுக்கு வெச்சுக்கினான், இன்னொண்ண நெட்டுக்கு வுட்டான். பரீட்சை ரிசல்ட் வர்ற அன்னிக்கு கூட்டம் நெரியும். மத்த நாளு அவனும் மூணு பொட்டியும்தான்.

அளத்து வெளிச்சம் ஆவாதுன்னு பொட்டி வெளிச்சத்துல உக்காந்தியேடான்னு நான் கிண்டல் பண்ணுவேன். "இத கம்மி பண்ணிக்கலாம் மாமா, சூரியன கம்மி பண்ண முடியுமா?"ன்னுவான்.

இந்த நேரத்துலதான் வெள்ளைக்காரரு வந்து சேந்தாரு. பொம்மையார்பாளையத்துல வாடகைக்கு இருந்தாரு. எங்க கழுவேலி ஏரிக்கு பறவை பாக்க வருவாரு. எனக்கு தெரிஞ்சு அந்த நாரைங்கள அவரளவுக்கு யாரும் பாத்ததில்ல. மணிக்கணக்கா சேத்துல நிப்பாரு. பாத்துட்டு போறப்ப மச்சான் பூத்துல நின்னு அவங்க அம்மாகிட்ட பேசுவாரு. தமிழு புஸ்தகத்துல கத்துக்கினாரு போலருக்குது. "வணக்கம் அண்ணா. நான் என் தாயாருடன் உரையாட விரும்புகிறேன்"ம்பாரு. எங்களுக்கு சிரிப்ப அடக்க முடியாது.

அவருதான் ஒரு நாளு மச்சானுக்கு ஒரு வெளையாட்ட காட்டினாரு. அவரு ஊருல அவரு சிநேகிதங்க நாலஞ்சு பேரு சேந்து பண்றாங்களாம். ஒரு தீவு. எங்கெங்கயோ இருக்கறவங்கல்லாம் நெட்டு வழியா ஒரே நேரத்துல அந்த தீவுக்குள்ள போயி, வூடு கட்டி, மீன் புடிச்சு, ஒருத்தருக்கொருத்தர் வித்துக்கினு பொழைக்கலாம். ஆனா இன்னும் முடிக்கல. பாதியில நிக்குது. இப்பவே காசு கட்டினா இப்பவே உள்ள வுடுவாங்க. முடிச்சப்புறம் தனியா கட்ட வேணாம்.

மச்சான் மூணு பொட்டிக்கும் சேத்து காசு குடுத்துட்டான். நோட்ட வெள்ளைக்காரரு கையில குடுத்தான், அவரு அவரு கார்டுல கட்டினாரு. விஷயம் என் சம்சாரம் மூலமா எனக்கு வந்துச்சு. நேரா கடைக்குப் போனேன்.

"டேய் மச்சான், வெளையாட்டுக்கு காசு குடுத்தியாமே? அதுவும் முடியாத வெளையாட்டுக்கு?"

"ஆமா மாமா."

"முடிச்சப்புறம் குடுத்தா ஆவாதா?"

"இப்ப நாலு பேரு குடுத்தாத்தான் அவங்க முடிக்கவே முடியும் மாமா. அதுவுமில்லாம இது திண்டிவனத்துல இல்ல, பாண்டிச்சேரியில இல்ல. நம்ம கடையில மட்டும்தான் இருக்குது. பசங்க தேடிக்கினு வருவாங்க."

"கூரை போடாத வூட்டுக்கு வாடகை குடுத்து குடி போறவன நான் இன்னிக்குத்தான்டா பாக்கறேன்."

அவன் சிரிக்கல. ஸ்டூல என் பக்கம் தள்ளி வுட்டான். "மாமா, தை மாசம் உப்பு யாவாரி வந்து உங்களுக்கு அட்வான்ஸ் குடுக்கறாரு இல்ல? அப்ப உங்க பாத்தியில இன்னா இருக்குது?"

"தண்ணி இருக்குது."

"தண்ணியா? சேறு இருக்குது மாமா. தண்ணி கூட அப்புறம்தான் வுடுவீங்க. சேத்துக்கு காசு குடுத்துட்டு போறாரே அவரு, அவரப் பாத்து என்னிக்காவது சிரிச்சீங்களா?"

நான் ஸ்டூல்ல உக்காந்துட்டேன். இத்தினி வருசமா அட்வான்ஸ் வாங்கறேன், ஒரு நாளாவது அந்த மனுசன் பக்கத்துலேருந்து யோசிச்சிருக்கேனா? நம்பித்தானே குடுக்கறாரு. மழை கெடுக்கலாம், நான் படுத்துடலாம். அவரு பணத்த வெச்சுட்டு போயிக்கினே இருக்காரு. அன்னிக்குத்தான் எனக்கு அந்த யாவாரி மேலயும் ஒரு மரியாதை வந்துச்சு, இவன் மேலயும் வந்துச்சு.

அந்த தீவ நீங்க பாத்திருக்கணும். வூடு இருக்கும், கதவு இருக்காது. செவுத்துக்குள்ளயே பூந்து அந்தாண்ட போவலாம். ஒரு மாடு மரத்துக்கு மேல ஆகாசத்துல நின்னுக்கினு புல்லு மேயும். கடலுக்குள்ள நடந்து போனா ஒரு எடத்துல கடலே நின்னுடும், அப்புறம் ஒரே கருப்பு. அதுல கால வெச்சா நம்ம ஆளு கீழ வுழுவான். வுழுந்துக்கினே இருப்பான். எதுத்தாப்புல போயி டீ குடிச்சுட்டு வந்து பாத்தாலும் வுழுந்துக்கினுதான் இருப்பான்.

திண்டிவனம் காலேஜுல படிக்கற எங்கூரு பசங்க சாயங்காலம் வர ஆரம்பிச்சாங்க. அவங்களுக்கு இந்த கோளாறுதான் புடிச்சுது. ஒவ்வொரு கோளாறயும் இங்கிலீசுல எழுதி அந்த வெளையாட்ட பண்ற தீவுக்காரங்களுக்கு அனுப்புவாங்க. ஒரு நாளு பாத்தா வூட்டுக்கெல்லாம் கதவு வந்துட்டுது. பசங்க எகிறி குதிச்சாங்க. "நாங்க சொன்ன கதவுடா!"ன்னு ஒருத்தன ஒருத்தன் கட்டிப்புடிச்சுக்கறான். எங்கயோ கண்ணு காணாத சீமையில இருக்கறவன், மரக்காணத்துல ஒருத்தன் சொன்னான்னு கதவு வெக்கிறான். நான் எத்தினி தடவ பஞ்சாயத்து ஆபீசுல ரோட்டு பள்ளத்த சொல்லியிருப்பேன்! எனக்கு இது பெரிய அதிசயமா இருந்துச்சு. முடிச்சு குடுத்த சாமான்ல நாம ஒண்ணும் சொல்ல முடியாது, வாங்கிக்கினு வரணும். முடியாததுலதான் நமக்கு வாய் இருக்குது.

ஐப்பசி வந்துச்சு. அந்த வருசத்து மழைய பத்தி யாருகிட்ட கேட்டாலும் சொல்லுவாங்க, அப்பிடி ஒரு மழை. அளமெல்லாம் முழுகி ஒரே தண்ணிக்காடு. வரப்பெல்லாம் கரைஞ்சு போச்சு. வருசா வருசம் அதே கதைதான். மழை வந்துட்டா அளத்துல வேலை இல்ல. தை பொறந்து தண்ணிய எறைச்சு, சேத்த வழிச்சு, பாத்திய திரும்பவும் காலால மிதிக்கணும். இப்பிடி அப்பிடின்னு நடந்து நடந்து மிதிச்சு, தரைய சிமெண்ட் மாதிரி ஆக்கணும். அப்பத்தான் தண்ணி கீழ எறங்காம நிக்கும், உப்பு பூக்கும். சரியா மிதிக்கலன்னா உப்போட சேறும் சேந்து பழுப்பா வரும், யாவாரி மூஞ்சிய சுளிப்பாரு. அதுக்குள்ள அந்த மழை மாசத்துல நாங்க இன்னா பண்றது? மச்சான் கடையில ஒதுங்குவோம். ஓரமா நின்னு பசங்க தோளுக்கு மேல எட்டிப் பாப்போம்.

எங்க அளத்துல உப்பு தூக்கற பொம்பளை ஒருத்தி இருந்தா. என்ன பெரியப்பான்னு கூப்புடுவா. பெரிய வாயி, அதவிட பெரிய மனசு. அவ புருசன் மெட்ராசுல கட்டட வேலையில இருந்தான், அவனுக்கு போன் போட வருவா. போன் போட்டு அவன நல்லா திட்டி முடிச்சுட்டு, மழை வுடற வரைக்கும் உக்காந்திருப்பா. அப்பிடி உக்காந்திருந்தப்பதான் பசங்கள்ல ஒருத்தன் அந்த தீவோட மேக்கு பக்கம் போனான்.

அங்க கடலோரமா, தரை வெளுப்பா, தட்டையா கெடந்துச்சு. சதுரம் சதுரமா. ஒவ்வொரு சதுரத்துக்கும் நடுவுல மெல்லிசா கோடு. கண்ணுக்கு எட்டின வரைக்கும் சதுரம்.

"டேய், நில்லு நில்லு!" அவ எழுந்து நின்னுட்டா. "பெரியப்பா, இங்க வா. இது இன்னா?"

நான் பாத்தேன். என் கூட வந்த அளத்து ஆளுங்களும் பாத்தாங்க. ஒருத்தருக்கும் சந்தேகமே வரல.

"அளம்," அப்பிடின்னேன்.

"பாத்தி கட்டி வெச்சிருக்காங்க, பாரேன்! கோணலே இல்லாம!" அவளுக்கு பூரிப்பு தாங்கல. "அண்ணே, நம்ம ஊரு மாதிரியே இருக்குதுண்ணே."

மச்சான் எழுந்து வந்து குனிஞ்சு பாத்தான். அவன் மூஞ்சிய நான் பாத்தேன். அளத்த வுட்டு வந்தப்புறம் அவன் இவ்ளோ கிட்டக்க நின்னு ஒரு பாத்திய பாத்ததில்ல.

உப்பு இல்ல, வெறும் தரை. அப்ப இன்னா பண்ணணும்? மிதிக்கணும். இதுல யோசிக்க இன்னா இருக்குது? அன்னிலேருந்து பகல் நேரத்துல, பசங்க காலேஜுக்கு போனப்புறம், நாங்க மிதிச்சோம். அம்புக்குறி போட்ட பட்டன் இருக்குது பாருங்க, அத அமுக்கினா நம்ம ஆளு நடப்பான். இந்தாண்டலேருந்து அந்தாண்ட, அந்தாண்டலேருந்து இந்தாண்ட. எனக்கு எழுத்து தெரியாது, ஆனா அம்புக்குறி தெரியும். மணிக்கு இவ்ளோன்னு மச்சான் எங்களுக்கு பாதி வெலைதான் போட்டான். அவ மிதிக்கறப்ப ஒரு மூலைய கூட வுடமாட்டா. நான் அவசரமா திரும்பினா, "பெரியப்பா, மூலைய வுட்டுட்ட. உன் பாத்தியிலயும் இப்பிடித்தான் வுடற, அதான் உன் உப்பு பழுப்பா இருக்குது"ன்னு எல்லாரு முன்னாடியும் மானத்த வாங்குவா.

காலேஜு பசங்க எங்கள பாத்து தலையில அடிச்சுக்கினாங்க. "தாத்தா, வூடு கட்டுங்க, மீன் புடிங்க. சும்மா நடந்துக்கினு இருக்கீங்களே." அவங்க மாடி வெச்ச வூடெல்லாம் கட்டி வெச்சிருந்தாங்க. படகு வேற. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு, நான் கொறை சொல்ல மாட்டேன்.

கார்த்திகை கடைசியில ஒரு நாளு காலையில கடைய தொறந்து பாத்தா, தீவுல ஒண்ணுமே இல்ல. வூடு இல்ல, படகு இல்ல, சேத்து வெச்ச மீன் இல்ல. தீவுக்காரங்க ஒரு சேதி போட்டிருந்தாங்களாம். அடியிலேருந்து மாத்தி கட்டறோம், அதனால எல்லாத்தயும் அழிச்சுட்டோம், மன்னிச்சுக்குங்க, இது முடியாத ஆட்டம், இப்பிடி நடக்கும்னு மொதல்லயே சொல்லியிருந்தோமேன்னு.

சாயங்காலம் பசங்க வந்தாங்க. கடையே அதிர்ந்துச்சு. "அண்ணா, நாங்க குடுத்த காசெல்லாம் இன்னா ஆச்சு? ஏமாத்திட்டானுங்கண்ணா. நீங்களும் அவனுங்ககூட சேந்தவருதான்"னு ஒருத்தன் மச்சான் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான். மச்சான் தலைய குனிஞ்சுக்கினு நின்னான். பசங்க போயிட்டாங்க. மறுநாளு வரல. அதுக்கு மறுநாளும் வரல. மழையும் நின்ன பாடில்ல. பொங்கல் வேற கிட்டக்க வந்துட்டுது.

நாங்க போனோம். மச்சான் எங்கள பாத்து, "எல்லாம் போச்சு மாமா. நீங்க மிதிச்சதும் போச்சு"ன்னான்.

அவ நாற்காலிய இழுத்து போட்டுக்கினு உக்காந்தா. "மழை வந்துட்டுது போல, அவ்ளோதானே. இதுக்கு எதுக்குண்ணே மூஞ்சிய தொங்க போடற? வருசா வருசம் போவறதுதான. எந்த பட்டன், இதானே?"ன்னு மேக்கு பக்கமா நடக்க ஆரம்பிச்சுட்டா.

நானும் பக்கத்து பொட்டியில உக்காந்தேன். மிதிச்சேன்.

அன்னிக்கு மச்சான் எங்கள பாத்த பார்வை எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. பசங்களுக்கு கோவம் வந்தது ஞாயம்தான். கட்டினது அழியறத அவங்க முன்ன பின்ன பாத்ததில்ல. நாங்க வேற எதுவும் பாத்ததே இல்ல. அதுல எங்க சாமர்த்தியம் ஒண்ணும் இல்ல.

மார்கழி நடுவுல வெள்ளைக்காரரு வந்தாரு. மழைக்கோட்ட கழட்டறதுக்கு முன்னாடியே சிரிப்பு. "அண்ணா, என் நண்பர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். உங்கள் கடையிலிருந்து வரும் மூன்று பேர், தினமும் மேற்கில் நடக்கிறார்கள். நடக்கிறார்கள், திரும்புகிறார்கள், நடக்கிறார்கள். ஏன்?"

"அளத்த மிதிக்கிறோம்," அப்பிடின்னா அவ.

மச்சான் விளக்கி சொன்னான். அவரு கேட்டுக்கினே வந்தாரு, சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா நின்னுட்டுது. மெதுவா சொன்னாரு, "மன்னிக்க வேண்டும். அது அளம் அல்ல. அது கட்டம். படம் வரைவதற்கு முன் போடும் கோடு. அந்த இடத்தை அவர்கள் இன்னும் வரையவில்லை. அங்கே ஒன்றுமே இல்லை."

எனக்கு வெக்கமா போச்சு. இத்தினி நாளு ஒண்ணுமில்லாத எடத்துல, மூலைய கூட வுடாம மிதிச்சிருக்கோம். மச்சான பாத்தேன். அவன் அந்த கட்டத்தயே பாத்துக்கினு இருந்தான். அவன் மனசுல இன்னா ஓடுச்சோ. பசங்களும் இல்ல, இதுவும் இல்லன்னா தை மாசம் அவன் நிக்கப்போற எடம் எதுன்னு எனக்கு தெரியும்.

அவதான் பேசினா. "வரையலன்னா வரைய சொல்லுங்க சாமி."

வெள்ளைக்காரரு முழிச்சாரு.

"இன்னாத்துக்கு முழிக்கிறீங்க? முன்னாடியே காசு குடுத்தது எதுக்கு? கதவு கேட்டா கதவு வெச்சாங்க இல்ல? நாங்க அளம் கேக்கறோம். பாத்தி அளவெல்லாம் சரியாத்தான் இருக்குது, மிதிச்சும் வெச்சுட்டோம். தண்ணி மட்டும் வுட சொல்லுங்க."

மச்சான் பொசுக்குன்னு சிரிச்சுட்டான். அப்புறம் எல்லாரும். வெள்ளைக்காரரு கண்ண தொடச்சுக்கினு, "எழுதுகிறேன். நிச்சயம் எழுதுகிறேன்"ன்னாரு. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் மச்சான் சொல்ல சொல்ல அவரு டைப் அடிச்சாரு. தண்ணி எப்பிடி வரும், எத்தினி நாளு காயும், பலகை எப்பிடி புடிக்கணும்னு. அளத்த பத்தி மச்சான் அவ்ளோ பேசி நான் கேட்டதில்ல. கண்ணு கெட்டதுலேருந்து அந்த பேச்சையே எடுக்க மாட்டான்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கறப்ப வந்துச்சு. கட்டம் போயி, பாத்தியா மாறி, தண்ணி நின்னுச்சு. மறுநாளு உப்பு. அவ போட்ட கூச்சல்ல எதுத்த டீக்கடைக்காரரு ஓடியாந்துட்டாரு. ஆனா உப்பு பொரி கொட்டின மாதிரி உருண்டை உருண்டையா இருந்துச்சு. பலகைக்கு பதிலா ஒரு மம்பட்டி குடுத்திருந்தாங்க. மிதிக்கற வேலையே கெடையாது. நான் ஒத்துக்கல, மிதிக்காம உப்பு வரக்கூடாதுன்னு எழுத சொன்னேன். நாள் கணக்கா நடந்துக்கினே இருந்தா எங்க ஆட்டத்த உங்கள தவிர ஒருத்தரும் ஆடமாட்டாங்க ஐயான்னு பதில் வந்துச்சு. யோசிச்சு பாத்தா ஞாயமாத்தான் இருந்துச்சு. நிஜ அளத்துக்கே இப்ப ஆள் வர மாட்டேங்குது. ஆனா பலகைய மட்டும் கேட்டு வாங்கிட்டோம்.

மீனுக்கு உப்பு போட்டு காய வெச்சா தீவுல நல்ல வெலை போவுதுன்னு பசங்களுக்கு சேதி போயிட்டுது. ஒருத்தன் வந்தான், அப்புறம் நாலு பேரு, அப்புறம் வாசல்ல செருப்பு வெக்க எடமில்ல. எங்களவிட வேகமா உப்பு வாரினானுங்க, பட்டன தட்டற தட்டுல. ஏமாத்திட்டானுங்கன்னு கத்தினவன் மச்சான்கிட்ட வந்து, "அண்ணா, அன்னிக்கு ஒரு கோவத்துல..."ன்னு இழுத்தான். "பலகைய இப்பிடி சாய்ச்சு புடிக்கணும்பா"ன்னான் இவன். அவ்ளோதான் பேச்சு.

காணும் பொங்கல் முடிஞ்சு மறுநாளு மொதலாளி வந்தாரு. அன்னிக்கு மூணு பொட்டி முன்னாடியும் ஆளு, பின்னாடி நிக்கறவங்க வேற. மச்சான் ஒண்ணும் கெஞ்சல, ஆள காட்டி பெருமை பேசவும் இல்ல. ஆணியில மாட்டியிருந்த சாவிய எடுத்து மேச மேல வெச்சான்.

மொதலாளி சாவிய பாக்கல. பொட்டிய பாத்துக்கினு இருந்தாரு. தீவுல அன்னிக்கு மழை.

"இது இன்னாடா கண்றாவி? மழை பெய்யுது, பாத்தியில உப்பு அப்பிடியே குந்திக்கினு இருக்குது?"

"அதான் மொதலாளி, எழுதியிருக்கோம்," அப்பிடின்னா அவ. "இன்னும் முடியல."

"தெக்கு பக்கத்து வரப்ப தாழ வெச்சிருக்கான் பாரு. மொத அலைக்கே போயிடும். யாருடா கட்டினது?"

"சீமையில கட்டறாங்க மொதலாளி. நாம சொன்னா மாத்துவாங்க."

"அப்ப சொல்ல வேண்டியதுதான? தள்ளுடா அந்தாண்ட." ஒரு பையன எழுப்பி வுட்டுட்டு உக்காந்துட்டாரு. அம்புக்குறிய அமுக்க தெரியாம, ஆள கொண்டு போயி அந்த கருப்புல எறக்கிட்டாரு. ஆளு வுழ ஆரம்பிச்சான். "ஏய், புடிங்கடா, எங்கடா போறான் இவன்?"ன்னு மொதலாளி கத்தறாரு, பசங்க வுழுந்து வுழுந்து சிரிக்கறாங்க.

போறப்ப மச்சானாண்ட நின்னாரு. "இது எப்பப்பா முடியும்?"

"தெரியல மொதலாளி. முடியற வரைக்கும் ஆளு வரும்."

மொதலாளி மேசையில கெடந்த சாவிய எடுத்தாரு. எடுத்து பழையபடி ஆணியிலயே மாட்டினாரு. "அந்த தெக்கு வரப்ப மறக்காம எழுது"ன்னுட்டு, வெயிலுக்கு குடைய விரிச்சுக்கினு போயிட்டாரு.

நாங்க அந்த மாசமே அளத்துல எறங்கிட்டோம். தண்ணி எறைக்கணும், வழிக்கணும், மிதிக்கணும், பெருமுக்கல் மலை பக்கமிருந்து வர்ற வறண்ட காத்து வீசறதுக்குள்ள ஆயிரம் வேலை. பகல்ல கடைப்பக்கம் போவ முடியல. பங்குனியில உப்பு நல்லா பூத்து, யாவாரி வந்து பாத்துட்டு போன அன்னிக்கு, வெத்தலை வாங்க போனவன் மச்சான் கடைக்குள்ள எட்டிப் பாத்தேன். மத்தியான நேரம், யாரும் இல்ல. வெளிய வெயிலு பொளக்குது. அவன் பொட்டி வெளிச்சத்த நல்லா கொறைச்சு வெச்சுக்கினு, ஒரு பாத்தி உப்ப பலகையால இழுத்து கரை சேத்துக்கினு இருந்தான். கண்ணுல தண்ணி இல்ல, சுருக்கம் இல்ல. நான் வந்தத கவனிக்கவே இல்ல. நானும் கூப்பிடல.